கை மட்டும் பாக்கி

முட்டியில இடிக்குதா தம்பி? கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்துக்கங்க. ஜன்னலோரந்தான, இடம் இருக்கும். இத நிமித்தி வச்சா மேல கம்பியில இடிக்குது. கீழ வச்சா எவனாவது மிதிச்சுட்டுப் போவான். அதான் ரெண்டு பேரு மடியிலயும் குறுக்க வச்சிருக்கேன். கண்ணாடி இல்ல, பயப்படாதீங்க. படம். கான்வாஸ். நானே போட்டது.

எங்க இறங்கணும்? கீரனூரா? நான் புதுக்கோட்டை. இன்னும் நேரம் இருக்கு. முன்னால ஒரு லாரி மக்கர் பண்ணி ரோட்டுக்குக் குறுக்க நிக்குதாம். கண்டக்டர் போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு. கிரேன் வரணும்ங்கிறாரு. எங்க எந்திரிக்கிறீங்க? டீயா? அட உக்காருங்க தம்பி. நீங்க வெளிய போகணும்னா நான் எந்திரிக்கணும். நான் எந்திரிக்கணும்னா இத யாராவது புடிக்கணும். இவ்வளவும் பண்ணி நீங்க டீய வாயில வைக்கிறப்ப வண்டிய எடுத்துருவான். உக்காருங்க. பேசிக்கிட்டிருந்தா நேரம் போறது தெரியாது.

என் பேரு இன்னாசிமுத்து. பி.டி. மாஸ்டர். இப்ப ரிட்டையர்டு. சர்வீஸ் பூரா திருச்சியில ஒரே ஸ்கூலு. நான் விசில் ஊதுனா கிரவுண்டுல இருக்குற அத்தனை பசங்களும் அப்படியே நிக்கும். மூக்குல ஈ உக்காந்தாலும் ஓட்ட மாட்டான். அப்படி வச்சிருந்தேன். எதுக்குச் சொல்றேன்னா, ஒரு ஆள ஆடாம நிக்க வைக்கிறதுல எனக்கு இருக்குற அனுபவம் வேற எவனுக்கும் கிடையாது. ஆளப் பாத்துப் படம் போடுறதுக்கு மொதல்ல அதான தம்பி வேணும்?

ரிட்டையர் ஆனப்புறம் சும்மா உக்கார முடியல. ஒடம்பு துருப்புடிச்சுரும். அதனால வீட்ட ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தேன். எங்க வீட்டுக்காரி சகாயமேரிக்கு அடுப்படியில எது எங்க வைக்கிறதுன்னு ஒரு முறை கிடையாது. டப்பா எல்லாத்தையும் உசரவாரியா நிக்க வச்சேன், அசெம்பிளியில நிக்க வைக்கிற மாதிரி. குட்டை முன்னால, நெட்டை பின்னால. குக்கர் எப்ப வைக்கணும், துணி எப்ப அலசணும், எல்லாத்துக்கும் டைம் போட்டுக் குடுத்தேன். பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல அவ. தங்கமான குணம், அத நான் யாருகிட்ட வேணா சொல்லுவேன்.

கொஞ்ச நாள் போச்சு. ஒரு நாள் அவளா வந்து சொல்றா, "ஏங்க, ஒறையூர்ல மாவு மில்லு மாடியில படம் வரையக் கத்துக் குடுக்குறாங்களாம். சனி, ஞாயிறு. உங்க பேரக் குடுத்துப் பணத்தையும் கட்டிட்டேன்." எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு தம்பி. சின்ன வயசுல சுவத்துல கரியால கிறுக்குவேன்னு எப்பவோ சொல்லியிருக்கேன், அத ஞாபகம் வச்சிருக்கா பாருங்க. அதுலயும் அவளுக்கு ஒரு வருத்தம். "வாரம் பூரா கிளாஸ் இருக்கான்னு கேட்டேன், ரெண்டு நாளுதான்னுட்டாங்க"ன்னு மூஞ்சி வாடிப் போச்சு. அவ்வளவு அக்கறை.

அங்க சொல்லிக் குடுக்குறது கயல்விழின்னு ஒரு பொண்ணு. எங்க மக வயசுதான் இருக்கும். ஆனா படிச்ச பொண்ணு, அதனால மேடம்னுதான் கூப்புடுவேன். கீழ மில்லு ஓடுறப்ப மாடித் தரையே நடுங்கும், மேல வெள்ளையா மாவு படியும். அதுக்குள்ளதான் கிளாஸ். மொதல்ல சொம்பு, அப்புறம் வாழைப்பழம், அப்புறம் மடிச்சுப் போட்ட துணி. அதெல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. சொம்பு அசையாது பாருங்க. அதுக்கப்புறந்தான் மனுசன். "ஃபோட்டோவப் பாத்துப் போடக் கூடாது சார், ஆள முன்னால உக்கார வச்சுத்தான் போடணும்"னு மேடம் சொல்லிருச்சு. "உங்களுக்குத் தெரிஞ்சதப் போடாதீங்க, கண்ணு முன்னால என்ன இருக்கோ அதப் போடுங்க." நல்ல பேச்சுதான? எனக்கும் புடிச்சிருந்துச்சு.

பெயிண்டு அக்ரிலிக். தண்ணியில கரைக்கிறது. அதுல ஒரு சங்கடம், ஒடனே காஞ்சுரும். நம்ம திருச்சி வெயிலுக்குக் கேக்கவே வேணாம், தட்டுல பிதுக்கி பிரஷ்ஷுல எடுக்குறதுக்குள்ள ஆடை கட்டிரும். ஆனா ஒரு வசதியும் இருக்கு. தப்பாப் போட்டுட்டோம்னா காயவிட்டு அதுக்கு மேலயே இன்னொரு பூச்சு போட்டு மூடிரலாம். அடியில என்ன இருந்துச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அது எனக்கு ரொம்பப் புடிச்சுது.

மாடலுக்கு வெளியாள் கெடைக்கல. நம்ம ஊருல எவன் வந்து மணிக்கணக்கா உக்காருவான்? அதனால எங்களுக்குள்ளயே முறை வச்சுக்கிட்டோம். ஒரு வாரம் ஒருத்தர் உக்காரணும், மத்தவங்க போடணும். "உக்காந்து பாத்தாத்தான் சார், உக்காந்திருக்கவங்க கஷ்டம் நமக்குத் தெரியும்"னு மேடம் சொல்லும். எனக்கு என்ன கஷ்டம்? என் முறை வந்தப்ப மரம் மாதிரி உக்காந்தேன். நடுவுல ரெஸ்ட்டு குடுத்தாங்க, வேணாம்னுட்டேன்.

முடிஞ்சு எந்திரிச்சுப் போயி ஒவ்வொரு படமாப் பாக்குறேன். தம்பி, அங்க இருந்தவ்வளவு பேரும் என் மூஞ்சியத் தப்பாப் போட்டிருக்காங்க. ஒருத்தர் ரெண்டு பேருன்னா விட்டுரலாம். எல்லாரும்! புருவத்த நெரிச்சுக்கிட்டு, வாய இறுக்கிக்கிட்டு, யாரையோ அடிக்க எந்திரிக்கிறவன் மாதிரி. அதுலயும் ஒரு டெய்லர் இருக்காரு, அவரு போட்டதுல கை நாற்காலியப் புடிச்சிருக்குற புடி இருக்கே, நாற்காலி ஒடைஞ்சுரும். நான் எப்படி உக்காந்திருந்தேன்னு எனக்குத் தெரியாதா? சாந்தமா உக்காந்திருந்தேன். எல்லாரும் புதுசு, பழக்கம் போதாது. அதான் எல்லாரும் ஒரே மாதிரி தப்புப் பண்ணியிருக்காங்க.

டெய்லர் அவரு போட்டத எனக்கே குடுத்துட்டாரு. வீட்டுக்குக் கொண்டாந்தேன். மேரி அதக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. எங்களுக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. "நல்லாப் பாத்திருக்காரு"ன்னா. அவளுக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும், பாவம். அடுப்படியில ஆணி அடிச்சு மாட்டிக்கிட்டா. நான் மாட்டச் சொல்லல, அவளா மாட்டுனா.

அதுக்கு அடுத்த வாரம் டெய்லர் முறை. மனுசன் உக்காந்துக்கிட்டு தோளச் சொறியிறாரு, கொட்டாவி விடுறாரு. நான் எத்தனைன்னு பொறுக்குறது? "ஆடாதய்யா!"ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். கொஞ்சம் சத்தமாத்தான் குடுத்தேன், கீழ மில்லுல கூட எட்டிப் பாத்தாங்க. அன்னைக்கு சாயங்காலமே மேடம் என்னைத் தனியாக் கூப்புட்டு, "சார், உங்களுக்கு நல்ல கை இருக்கு. கொஞ்ச நாள் வீட்டுலயே பிராக்டிஸ் பண்ணுங்க. இங்க வரணும்னு இல்ல"ன்னு சொல்லிருச்சு. பாருங்க, மத்த யாருக்கும் அப்படிச் சொல்லல. என்னை மட்டும் தட்டிக்குடுத்து மேல ஏத்திவிட்டுருச்சு.

வீட்டுக்கு வந்து விஷயத்தச் சொன்னேன். மேரி கையில இருந்த கரண்டிய அப்படியே கீழ வச்சா. "இனிமே கிளாஸுக்குப் போக மாட்டீங்களா?"ன்னு கேட்டா. "எதுக்குப் போகணும், நீ இருக்கியே"ன்னேன்.

மறுநாளே ஆரம்பிச்சாச்சு. ஹால்ல நாற்காலியப் போட்டேன். நாற்காலிக் கால் நாலையும் சுத்தி சாக்பீஸ்ல கோடு. அவ ரெண்டு பாதத்தையும் சுத்திக் கோடு. நடுவுல எந்திரிச்சுப் போனாலும் வந்து அதே எடத்துல கால வைக்கணும்ல? கிரவுண்டுல சுண்ணாம்புல ட்ராக் போடுவோமே, அதே கணக்குதான். கோட்ட மிதிச்சா ஃபவுலு. வீட்ட வெளக்கி விடுற அம்மாகிட்டயும் சொல்லி வச்சேன், அந்த எடத்துல மட்டும் வெளக்குமாறு படக்கூடாதுன்னு.

ஃபேன் போட முடியாது. போட்டா பெயிண்டு காஞ்சுரும். வாசக்கதவச் சாத்திருவேன், தெரு வெளிச்சம் வந்தா நெழலு கலைஞ்சுரும். ஒரு பக்கத்து ஜன்னல் மட்டும் தொறந்திருக்கும், வெளிச்சத்துக்கு. அந்த ஜன்னலப் பாரு, வேற எங்கயும் பாக்காதன்னு சொல்லிருவேன். தட்டு காயாம இருக்க தண்ணி தெளிக்கிற பாட்டில் ஒண்ணு வச்சிருப்பேன். ஒரு நாள், "ஏங்க, எம் மேலயும் ரெண்டு தெளிங்க"ன்னா. அவளுக்கு இந்த மாதிரி நேரத்துலதான் வெளையாட்டு. "பேசாத, வாய் கலையுது"ன்னேன்.

வேர்த்து ஊத்தும். அத நான் இல்லேங்கல. ஏப்ரல் மாசம், கதவச் சாத்துன ஹாலு. ஆனா வேர்வையும் ஒரு நல்லதுதான் தம்பி, நெத்தியில வெளிச்சம் பளிச்சுன்னு விழும். அத வெள்ளை தொட்டு ஒரு புள்ளி வச்சா முகமே உயிரோட எந்திரிச்சு வரும். ஒரு தடவை அடுப்புல பால வச்சுட்டு வந்து உக்காந்துட்டா. "பால் பொங்குதுங்க"ங்கிறா. "இரு, நெத்தி முடியட்டும்"ங்கிறேன். "தீயிற வாடை வருதுங்க." "இரு." பாத்திரம் கரிக்கட்டையாப் போச்சு. ஆனா அந்த நெத்தி மாதிரி ஒரு நெத்திய நான் அப்புறம் போட்டதே இல்ல.

புதன்கிழமை சாயங்காலம் அன்பியக் கூட்டத்துக்குப் போவா. தெருப் பொம்பளைங்க யாராவது ஒரு வீட்டுல கூடி ஜெபம் சொல்லுவாங்க, பாட்டுப் பாடுவாங்க, அப்புறம் ஊர்க்கதை பேசுவாங்க. அதத்தான் நிப்பாட்டச் சொன்னேன். சாயங்கால வெளிச்சம் மஞ்சளா நல்லா இருக்கும், அத வீணாக்க முடியுமா? அவங்க வாசல்ல நின்னு "மேரிக்கா, மேரிக்கா"ன்னு கூப்புடுவாங்க. நான் உள்ளருந்தே, "மேரி உக்காந்திருக்கா"ன்னு சொல்லிருவேன். ரெண்டு மூணு வாரம் கூப்புட்டுப் பாத்தாங்க, அப்புறம் கூப்புடுறதில்ல. ஞாயித்துக்கிழமை காலைப் பூசையும் அப்படித்தான். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாருன்னேன். படைக்கிறவருக்குப் படைக்கிறவன் கஷ்டம் தெரியாதா?

ஒண்ணு மட்டும் எனக்குப் புடிக்கல. போகப் போக அவ செருப்பு மாட்டிக்கிட்டு வந்து உக்கார ஆரம்பிச்சா. வீட்டுக்குள்ள தம்பி! வெளிய போட்டுப் போற கறுப்புச் செருப்பு. என்னடி இதுன்னு கேட்டா, "குதிகால் வலிக்குதுங்க, தரை சில்லுன்னு இருக்கு"ங்கிறா. அந்த வெயில்ல தரை எங்க சில்லுன்னு இருக்கும்? பொம்பளைங்களுக்கு வயசானா ஒடம்புக்கு ஒவ்வொண்ணு வரும். சரி, கண்ணு முன்னால இருக்குறதப் போடணும்னு மேடம் சொல்லியிருக்கே, செருப்போடயே போட்டுட்டேன். அதுலயும் வலது குதிகாலத் தூக்கியே வச்சிருப்பா. கோட்ட விட்டு ஒரு விரக்கடை வெளிய வந்திருக்கும். தள்ளி உள்ள வைப்பேன், மறுபடி வந்துரும். விட்டுட்டேன், அதையும் அப்படியே போட்டாச்சு.

அட, லாரிய இன்னும் எடுக்கல போல இருக்கு. என்ன வேக்காடு. தம்பி அந்தக் கண்ணாடியத் தள்ளிப் பாருங்க. வராதா? சிக்கிக்கிச்சா? சரி விடுங்க, அப்படியே உக்காருங்க.

முகம் முடிஞ்சுது, சேலை முடிஞ்சுது, காலு முடிஞ்சுது. கைய மட்டும் கடைசிக்கு வச்சிருந்தேன். கைதான் ரொம்பக் கஷ்டம், மேடமே சொல்லும். மூஞ்சியக் கூட ஏமாத்திரலாம், கைய ஏமாத்த முடியாதும்பாங்க. அவ மடியில ரெண்டு கையையும் சேத்து மூடி இறுக்கி வச்சிருப்பா. ஒரு நாள் காலையில உக்காந்து அவ கைக்கலர மட்டும் கலக்குனேன். காவி, மஞ்சள், துளி நீலம், வெள்ளை. தட்டக் கொண்டு போயி அவ கையோட ஒட்டி வச்சுப் பாத்து, மறுபடி கலக்கி, மறுபடி பாத்து. ஒரு வழியா அச்சு அசலா வந்துருச்சு. எனக்கு என்ன சந்தோஷம்ங்கிறீங்க! "மேரி, கைய விரி"ன்னேன்.

அவ விரிச்சா. விரிச்சு அவளே ரொம்ப நேரம் அதப் பாத்தா. நான் ஜன்னலப் பாருன்னேன். பாக்கல. "ஏங்க, தண்ணி குடிச்சுட்டு வரேன்"னு எந்திரிச்சுப் போனா. சரி போயிட்டு வான்னேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல.

அடுப்படியில குழாய் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பின்பக்கம் ஒரு கதவுச் சத்தம். யாரோ பக்கத்து வீட்டுலன்னு நெனச்சேன். ஏன்னா வெளிய போறவ வாசல்ல நின்னு செருப்பத் தேடி மாட்டணும்ல? அந்தச் சத்தம் வரணும்ல? அது வரல. செருப்புதான் ஏற்கெனவே கால்லயே இருக்கே. நான் நாற்காலியப் பாத்துக்கிட்டே நிக்கிறேன். தட்டுல பெயிண்டு ஓரத்துலருந்து காய ஆரம்பிச்சுது. தண்ணி தெளிச்சேன். மறுபடி காஞ்சுது. மறுபடி தெளிச்சேன்.

மத்தியானத்துக்கு மேல எங்க மக ரோஸ்லின் புதுக்கோட்டையிலருந்து ஃபோன் பண்றா. "அம்மா இங்கதான்ப்பா இருக்காங்க"ன்னு. நான், "எப்ப வருவா? பெயிண்டு காயுது"ன்னேன். பட்டுன்னு வச்சுட்டா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு பொறுமையே கிடையாது.

அதுக்கப்புறம் நாலஞ்சு தடவை பேசிட்டேன். மேரி ஃபோனுக்கு வர்றதில்ல. "அம்மா தூங்குறாங்க." "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க." "அம்மா மொட்டை மாடியில நிக்கிறாங்க." மொட்டை மாடியில என்ன வேலைன்னு கேட்டேன். "சும்மா நிக்கிறாங்கப்பா, காத்து வருதுல்ல"ங்கிறா. போன ஞாயிறு ரோஸ்லினே சொன்னா, "நீங்க வந்து பாக்கறதுன்னா வாங்கப்பா. ஆனா அந்தப் பெயிண்டுப் பெட்டியத் தூக்கிட்டு வராதீங்க"ன்னு. எனக்கு இடுப்பு வலி உண்டு, அதுக்காகச் சொல்றா. கனமொண்ணும் இல்ல, இந்தா பையில இருக்கு பாருங்க, ட்யூபு, பிரஷ்ஷு, தட்டு. சாக்பீஸ் சட்டைப் பையில. அங்க ஹாலு சின்னதுதான், ஆனா ஒரு நாற்காலி போடலாம். கைய மட்டுந்தான முடிக்கணும். மேடம் அடுத்த மாசம் எல்லாரு படத்தையும் வச்சு ஒரு கண்காட்சி வைக்குது. கை இல்லாத படத்த எப்படி மாட்டுறது?

என்ன கேட்டீங்க? அவ வராம நானே போட்டுருக்கக் கூடாதான்னா?

போட்டுப் பாத்தேன் தம்பி. போடாம இருப்பேனா? மெஸ்ஸுல சாப்புட்டு வந்து தெனமும் அந்தப் படத்துக்கு முன்னாலதான் உக்காந்திருக்கேன். என் கையையே பாத்துப் போட்டேன், அவ மடியில ஒரு ஆம்பளை கை வந்து உக்காந்திருக்கு. அசிங்கமா இருந்துச்சு, அது மேல வெள்ளை அடிச்சு மூடிட்டேன். சரி, ஞாபகத்துலருந்து போடுவோம்னு கண்ண மூடுனேன். வரல. அவ கையால எத்தனை வேளை சாப்புட்டிருப்பேன்? எனக்குக் காய்ச்சல்னா நெத்தியில வைக்கிற கை அதுதான். வெரலு நீளமா, கட்டையா? தெரியல. எண்ணெய் தெறிச்ச தழும்பு ஒண்ணு உண்டு, அது வலது கையா, இடது கையா? தெரியல தம்பி. எவ்வளவு நேரம் கண்ண மூடிக்கிட்டு உக்காந்தாலும் தட்டு வருது, சோறு வருது, தட்ட வைக்கிற கை வர மாட்டேங்குது. எனக்குப் பயமாப் போச்சு. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, அழுதுட்டேன்.

இருங்க, ஒண்ணு காட்டுறேன். பர்ஸுல வச்சிருக்கேன். ம், புடிங்க. என்னன்னு தெரியுதா? அன்னைக்குக் கலக்குன பெயிண்டு. தட்டுல காஞ்சு போயி மறுநாள் உரிச்சா தோலு மாதிரி முழுசா வந்துருச்சு. இதான் அவ கைக்கலரு. கலரு மட்டுந்தான் எங்கிட்ட இருக்கு. பாத்து, மடிச்சா ஒடைஞ்சுரும். குடுங்க.

படத்தையும் பாக்குறீங்களா? பாருங்க, வண்டி நிக்கிறப்பவே பாத்துருங்க. அந்த முடிச்ச அவிழுங்க. சுத்தியிருக்கது அவ சேலைதான். பீரோவுல மேலாப்புல இருந்துச்சு, பழசுன்னு எடுத்துச் சுத்திட்டேன். புதுசு மாதிரி இருக்கா? இருக்காது. சரி, அத இப்படி மடியில போடுங்க. இப்பத் திருப்புறேன்.

ம். எப்படி?

நெத்தியப் பாருங்க. வேர்வை பாருங்க. செருப்பு வார் பாருங்க, ஊக்கு மாட்டித் தச்சிருக்கா, அதக் கூட விடல. மடியில அந்த வெள்ளைத் திட்டு ரெண்டுந்தான் கை வரவேண்டிய எடம். கண்ணு பாருங்க, கண்ணுக்கு மட்டும் ஒரு வாரம் ஆச்சு. முழி ஒரு எடத்துல நிக்காது. "மேரி, ஜன்னலு"ம்பேன், வரும். பிரஷ்ஷத் தொட்டு நிமிந்தா மறுபடி போயிருக்கும். எத்தனை தடவை சொல்றது? கண்ணு முன்னால இருக்குறதப் போட்டுருவோம்னு அப்படியே போட்டுட்டேன். ஒத்துமை எப்படி? அவளே எந்திரிச்சு வர்ற மாதிரி இல்ல?

என்ன, அவ கண்ணையே பாக்குறீங்க?

என்னது? வாசல் எந்தப் பக்கமா? எங்க வீட்டு வாசலா? எதுக்குக் கேக்குறீங்க? நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஜன்னலு, அந்தப் பக்கம் வாசல். அவ ஜன்னலத்தான் பாக்குறா. நாந்தான் சொன்னேனே, ஜன்னலப் பாருன்னு.

இருங்க. அவளுக்கு இடது பக்கம் ஜன்னலு. படத்துல அப்ப ஜன்னல் இந்தப் பக்கம் வரும். வெளிச்சமும் இந்தக் கன்னத்துலதான விழுந்திருக்கு. சரியாத்தான இருக்கு. கண்ணு...

கண்ணு இந்தப் பக்கம் இல்ல.

...

ஒரு வாரமா நாந்தான தம்பி போட்டேன் இந்தக் கண்ண? முழிக்குக் கறுப்பு வச்சேன், கறுப்புக்குள்ள வெள்ளைப் புள்ளி வச்சேன், இமைய ஒவ்வொரு மயிரா இழுத்தேன். பக்கத்துல போயிப் பாத்தேன், தள்ளி நின்னு பாத்தேன். எங்க பாக்குறான்னு பாக்கல.

செருப்பு.

சரி, அதத் திருப்பி வைங்க. வேணாம், மூடிருங்க. சேலையச் சுத்துங்க. மெதுவா, ஓரத்துல சரிகை கிழிஞ்சுரப் போகுது. இது அவ போன கிறிஸ்மஸுக்கு எடுத்தது. கட்டவே இல்ல. கட்டிக்கிட்டு எங்க போவான்னு... சுத்துங்க, சுத்துங்க.

வண்டி எடுத்துட்டான். லாரி ஓரமா நிக்குது பாருங்க, அவ்வளவுதான், இதுக்கா இவ்வளவு நேரம்.

படத்த என் மடியிலயே வச்சுக்கிறேன், குடுங்க.

...

கீரனூர் வந்துருச்சு தம்பி. கண்டக்டர் விசில் குடுத்துட்டாரு. இருங்க, கால மடக்கிக்கிறேன். இல்ல, நான் எந்திரிச்சே நிக்கிறேன், நீங்க தாராளமாப் போங்க. படத்தத் தூக்கிப் புடிச்சுக்கிறேன். இடிச்சா இடிக்கட்டும். அப்பவே டீக்கு விட்டிருக்கலாம் உங்கள. இந்தப் பையில பெட்டி இருக்கு, உங்க வீட்டுல சின்னப் புள்ளைங்க இருந்தா எடுத்துட்டுப் போறீங்களா? எடுத்துக்கங்க. சாக்பீஸும் இருக்கு, அதையும் வச்சுக்கங்க. அட, புடிங்க தம்பி, நான் தூக்கிட்டுப் போனா அவ கதவத் தொறக்க மாட்டா.

ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அங்கயும் அவ வாசலப் பாத்துக்கிட்டுத்தான உக்காந்திருப்பா? நான் வாசல்லதான போயி நிக்கப் போறேன். அப்ப என்னைத்தான அவ பாத்தாகணும்?

சிரிக்க மாட்டேங்கிறீங்களே.

சரி. நடுவுல நிக்கல. ஓரமா நிக்கிறேன்.